கிறிஸ்துமஸ் லீவுக்கு வெளிநாடு: அஞ்சு பேர், அதுல ஒரு முழங்கால்வலி. எங்க போகலாம்?

கொள்ளிடக்கரையான் | 6 செப்டம்பர் 2025

எல்லாருக்கும் வணக்கம். இங்க வருஷக்கணக்கா வாசிச்சுட்டு மட்டும் போற ஆளு நான். முதல் தடவையா வாய் திறக்கிறேன்.

ஊர் திருச்சி, பாலக்கரை. நான், வீட்டுக்காரம்மா, ஒன்பதாவது படிக்கிற பொண்ணு, மூணாவது படிக்கிற பையன், அம்மா (71, ரெண்டு முழங்காலும் தேய்மானம், படி ஏறினா நின்னு நின்னுதான்). அரையாண்டுப் பரீட்சை டிசம்பர் 23 முடியுது. ஜனவரி 2 நான் வேலையில நிக்கணும். கையில நாலு லட்சம். இழுத்தா நாலரை.

ஆளுக்கொரு கோரிக்கை. பொண்ணுக்குப் பனி. பையனுக்கு நீச்சல்குளம் இருந்தா செவ்வாய் கிரகமே ஓகே. "பாலக்கரையில கிளம்பி பாலக்கரையிலேயே இறங்கின மாதிரி இருக்கக் கூடாது"ன்னு வீட்டுக்காரம்மா. எனக்கு அம்மாதான் கவலை. அப்பா போனதுக்கப்புறம் அவங்களை எங்கயும் கூட்டிட்டுப் போகல. அவங்களுக்குப் பாஸ்போர்ட்டே இந்த வருஷம்தான் எடுத்தோம். 24 ராத்திரி பூசை கண்டிப்பா வேணும், தமிழ்ப் பூசையா இருந்தா இன்னும் நல்லது.

தாய்லாந்து, சிங்கப்பூர், துபாய், இலங்கை, ஐரோப்பான்னு அஞ்சு பேர் அஞ்சு பக்கம் இழுக்கிறாங்க. போயிட்டு வந்தவங்க சொல்லுங்க.

சும்மாவந்தவன் | 6 செப்டம்பர்

வேளாங்கண்ணி. அஞ்சு பேருக்கும் பஸ் டிக்கெட் ஆயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சிரும். கடல் உண்டு, பூசை உண்டு, தமிழும் உண்டு. மிச்சம் மூணு லட்சத்து தொண்ணூத்தொன்பதாயிரத்தை என் அக்கவுண்டுக்கு அனுப்பிடுங்க.

டான்யூப் தமிழன் | 7 செப்டம்பர்

கிறிஸ்துமஸ் என்றால் ஐரோப்பாதான், இதில் விவாதத்துக்கு என்ன இருக்கிறது? வியன்னா வாருங்கள். நகர மன்றக் கட்டடத்தின் முன்னால் போடுகிற சந்தை, வறுத்த செஸ்ட்நட் வாசனை, சூடான மசாலா வைன் (பிள்ளைகளுக்கு ஆல்கஹால் இல்லாத பஞ்ச்). ட்ரெஸ்டனில் இந்தச் சந்தை 1434 முதல் நடக்கிறது, ஸ்ட்ராஸ்பூர்கில் 1570 முதல். உங்கள் மகள் வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டாள். தமிழ்ப் பூசை இல்லாவிட்டால் என்ன, ஸ்டீபன் பேராலயத்தின் ஆர்கன் இசைக்கு மொழி தேவையில்லை.

டிக்கெட்காரர் | 7 செப்டம்பர்

சார், நான் மதுரையில 18 வருஷமா டிராவல் ஏஜென்சி நடத்துறேன். யாரையும் எங்கயும் தள்ளி விடல, கணக்கு மட்டும் போட்டுக் காட்டுறேன்.

ஐரோப்பா போற ஷெங்கன் விசாவுக்கு பெரியவங்களுக்கு 90 யூரோ, 6 வயசுக்கு மேல 12 வயசுக்குள்ள இருந்தா 45. இது தூதரகக் கட்டணம் மட்டும்தான். விண்ணப்ப மையத்துக்குத் தனி, இன்சூரன்ஸ் தனி, அஞ்சு பேரும் சென்னை போய் கைரேகை வைக்கிற செலவு தனி. டிசம்பர் கடைசி வாரத்துல ஐரோப்பா டிக்கெட் திருச்சியிலிருந்து ஒரு ஆளுக்கு 80 ஆயிரத்துக்குக் கீழ கிடைச்சா எனக்கும் ஒண்ணு போட்டுக் கொடுங்க. உங்க நாலு லட்சம் ஏர்போர்ட்டுலயே கரைஞ்சிரும்.

பாளையங்கோட்டை அக்கா | 7 செப்டம்பர்

தம்பி, டான்யூப் தமிழன் சொல்வது அத்தனையும் உண்மை. ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. மூன்று வருடம் முன்பு மகனைப் பார்க்க ஜெர்மனி போனேன். பரீட்சைப் பேப்பர், வகுப்பு என்று முடித்துவிட்டு நான் நியூரம்பெர்க்கில் இறங்கியது டிசம்பர் 24 மதியம். பெட்டியை வைத்த கையோடு "வாடா, அந்தச் சந்தையைக் காட்டு" என்றேன். போய்ப் பார்த்தால் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட கூரைத் துணிகளைச் சுருட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கடைக்காரர் மிச்சமிருந்த இஞ்சி ரொட்டியை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

பெயர்தான் கிறிஸ்துமஸ் சந்தை. அது நவம்பர் கடைசியில் தொடங்கி பண்டிகைக்கு முன்னாலேயே முடிந்துவிடும். கொலோனில் 23ஆம் தேதியே கட்டிவிடுகிறார்கள். 24 மதியத்தோடு சூப்பர் மார்க்கெட்டும் மூடல், 25, 26 இரண்டும் விடுமுறை. அவரவர் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கொண்டாடுகிற பண்டிகை அங்கே. நாலரை மணிக்கு இருட்டு. நாங்கள் இரண்டு நாள் தயிரும் பிரெட்டும் சாப்பிட்டுக்கொண்டு ஜன்னல் வழியாக டிராம் போவதைப் பார்த்தோம். பனியும் விழவில்லை, மழைதான்.

பள்ளிக்கூடம் 23ஆம் தேதி வரை இருக்கிற வீட்டுக்காரர்களுக்கு அந்தச் சந்தை கொடுத்து வைக்கவில்லை.

டான்யூப் தமிழன் | 7 செப்டம்பர்

வியன்னா நகர மன்றச் சந்தை 26 வரை உண்டு, மேடம். ஜெர்மனியையும் ஆஸ்திரியாவையும் ஒன்றாக்காதீர்கள்.

பாளையங்கோட்டை அக்கா | 8 செப்டம்பர்

சரி ஐயா, ஒப்புக்கொள்கிறேன். கொள்ளிடக்கரையான் 24 ராத்திரி ஏறி 25 சாயந்திரம் வந்து சேர்ந்தால் ஒரு நாள் பார்க்கலாம். லண்டன் யோசிக்கிற யாராவது இதை வாசித்தால்: டிசம்பர் 25 அன்று அங்கே சுரங்க ரயில், பஸ் எதுவும் ஓடாது. நடந்துதான் போக வேண்டும். முழங்கால்வலிக்காரர்களோடு போகிற ஊரில்லை.

கொங்குத்தம்பி | 8 செப்டம்பர்

ஏனுங்ண்ணா, இத்தனை யோசனை எதுக்குங்க? தாய்லாந்து. இந்த 2025ல நமக்கு 60 நாளு விசாவே வேண்டாம்ங்க, மே மாசத்துல இருந்து ஆன்லைன்ல வருகை அட்டை மட்டும் நிரப்பணும். டிசம்பர்ல பாங்காக் நல்லாருக்கும், மழை இல்லை. புக்கெட், கிராபி பக்கம் கடலு கண்ணாடி மாதிரி இருக்குமுங்க. கோ சமுய் மட்டும் வேண்டாம், அது அந்தப் பக்கத்துக் கடலு, டிசம்பர்லயும் மழை ஊத்தும். நாங்க போன வருசம் போயி ரெண்டு நாளு ரூமுக்குள்ளயே சீட்டு ஆடிட்டு வந்தோம்.

டிக்கெட்காரர் | 8 செப்டம்பர்

தாய்லாந்து நல்ல ஊர்தான். ரெண்டு விஷயம் மட்டும் பாத்துக்குங்க. டிசம்பர் 25 அங்க அரசு விடுமுறை கிடையாது. மால்ல பெரிய மரம் நிக்கும், பாட்டு ஓடும், மத்தபடி சாதாரண வேலை நாள்.

ரெண்டாவது, நிறைய பேர் மாட்டிக்கிற இடம்: காலா டின்னர். பீச் ரிசார்ட்டுங்க நிறைய 24 ராத்திரியும் 31 ராத்திரியும் கட்டாய விருந்துன்னு ஒண்ணு வச்சிருப்பாங்க. நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் தலைக்கு இவ்வளவுன்னு கட்டணும். ரூம் வாடகையைப் பாத்து சந்தோஷப்பட்டு புக் பண்ணிட்டு, சின்ன எழுத்துல இருக்கிற இதை விட்டுருவாங்க. பாலி, மாலத்தீவு, வியட்நாம் பீச் ஓட்டல்லயும் இதே கதை. அஞ்சு பேருக்கு ஒரு ராத்திரி டின்னர் நம்ம ஊர்ல ஒரு சின்ன நிச்சயதார்த்தச் செலவு வந்துரும். புக்கிங் பக்கத்துல 'கட்டாயம்'ங்கிற வார்த்தையைத் தேடிப் பாருங்க.

பேக்கேஜா எடுத்தா டிசிஎஸ்னு முன்கூட்டியே ஒரு வரி பிடிப்பாங்க (இந்த 2025-26ல பத்து லட்சம் வரைக்கும் 5 சதவீதம்). அது போயிடுற காசு இல்ல, வருமான வரி தாக்கல்ல திரும்ப வாங்கலாம். ஆனா இப்போதைக்குக் கையில இருந்து போகும்ல.

சும்மாவந்தவன் | 8 செப்டம்பர்

பெத்லகேமுக்கே போயிடலாமேன்னு கேக்க வந்தேன். செய்தி பாத்துட்டு வாயை மூடிக்கிட்டேன்.

நீர்கொழும்பு நேசன் | 9 செப்டம்பர்

வணக்கம் அண்ணா. பக்கத்து வீடு இலங்கையை விட்டுட்டு உலகம் எல்லாம் கதைக்கிறீங்கள்.

எங்கட ஊர் நீர்கொழும்பைச் சின்ன ரோமாபுரி எண்டுதான் சொல்லுவினம். தெருவுக்குத் தெரு கோயில். நத்தார் (கிறிஸ்துமஸ்) எண்டால் டிசம்பர் பிறந்ததில இருந்தே வீதி முழுக்க மின்குமிழ், ஒவ்வொரு சந்தியிலயும் பாலன் குடில். இளைஞர் குழுக்கள் போட்டி போட்டுக் கட்டுவினம். தமிழ்த் திருப்பலிக்குக் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகலாம், கிட்டத்தட்ட ஒரு மணித்தியால ஓட்டம். திருச்சியில இருந்து கொழும்புக்கு விமானம் ஒரு மணித்தியாலம்தான். அம்மாவுக்கு அலுப்பே இருக்காது. விமான நிலையமே எங்கட ஊருக்குப் பக்கத்திலதான்.

மகளுக்குக் குளிர் வேணும் எண்டால் நுவரெலியா. பனி விழாது, ஆனால் இரவில ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க ஏலாது. டிசம்பரில திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் போகாதேங்கோ, அங்க அப்ப மாரி. காலி, மிரிசைப் பக்கம் கடல் நல்லா இருக்கும்.

கொள்ளிடக்கரையான் | 9 செப்டம்பர்

நேசன், உங்க பதிவைப் பாத்ததும் பாதி முடிவே பண்ணிட்டேன். நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டிருக்காங்களே, அதுல வந்தா பசங்களுக்கு ஜாலியா இருக்குமா?

நீர்கொழும்பு நேசன் | 9 செப்டம்பர்

டிசம்பரில கப்பலை நம்பாதேங்கோ அண்ணா. வடகீழ்ப் பருவக்காற்று நேரம் கடல் கொந்தளிப்பு, அடிக்கடி நிப்பாட்டிப் போடுவினம். அதோட காங்கேசன்துறையில இறங்கினால் நீங்கள் யாழ்ப்பாணத்தில நிற்பீங்கள், நீர்கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல.

பட்டர்வொர்த் மணி | 10 செப்டம்பர்

அண்ணே, பசியாறிட்டீங்களா? நான் மலேசியாலேர்ந்து. யாரும் பினாங்கு சொல்லலையே, எனக்கு மனசு கேக்கல.

விசா வேணாம், இந்தியர்களுக்கு 30 நாள் ப்ரீ, 2026 கடைசி வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க. வர்றதுக்கு மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல டிஜிட்டல் அட்டை நிரப்பணும், காசு கட்ட வேணாம் (காசு கேக்கிற வெப்சைட் எல்லாம் போலி). கிறிஸ்துமஸ் இங்க அரசு விடுமுறை, ஆனா கடைங்க எல்லாம் திறந்திருக்கும், சீனர் கடை, மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை), மலாய்க்காரங்க கடை எதுவும் மூடாது. அதான் இங்க விசேஷம். பண்டிகையும் இருக்கும், பட்டினியும் இருக்காது.

டிசம்பர்ல கிழக்குக் கரைப் பக்கம் போகாதீங்க. பெர்ஹெந்தியான், ரெடாங் தீவெல்லாம் மழைக்காலத்துல மூடிடுவாங்க. பினாங்கு மேற்குக் கரை, நடுவுல மலைத்தொடர் மழையைத் தடுத்துடும். ஒண்ணு ரெண்டு மழை வரும், அவ்வளவுதான்.

ஜார்ஜ் டவுன்ல தமிழ்க் கத்தோலிக்கருக்குன்னே புனித சவேரியார் ஆலயம் இருக்கு. பூசை நேரம் மட்டும் டிசம்பர்ல ஒரு தடவை கேட்டுக்குங்க, 24 ராத்திரி மொழிவாரியா பிரிச்சு வைப்பாங்க, எல்லா இடத்துலயும் நள்ளிரவுன்னு இல்ல.

ஒரு விஷயம் மறைக்கக் கூடாது. எங்க ஸ்கூல் வருஷக் கடைசி லீவும் அப்பதான், சிங்கப்பூர்க்காரங்களும் கூட்டமா வருவாங்க. ஓட்டல் விலை ஏறும். இப்பவே போட்டுடுங்க. வெளிநாட்டுக்காரங்களுக்கு ரூமுக்கு ராத்திரிக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி தனி.

கொள்ளிடக்கரையான் | 10 செப்டம்பர்

வெள்ளின்னா ரிங்கிட்டா?

பட்டர்வொர்த் மணி | 10 செப்டம்பர்

ஆமாண்ணே, நாங்க இன்னும் வெள்ளின்னுதான் சொல்றோம். இப்ப ஒரு வெள்ளி உங்க காசுல 21 ரூபாய் கிட்ட.

ரயில்பைத்தியம் | 10 செப்டம்பர்

பினாங்கு என்றதும் ஓடி வந்தேன். சென்னையிலிருந்து பினாங்குக்கு இண்டிகோ நேரடி விமானம் 2024 டிசம்பரில் தொடங்கினார்கள். ஆனால் திருச்சிக்காரருக்கு அது சுற்று வழி. பெட்டியோடு சென்னை வரை வந்து, நள்ளிரவு வரை ஏர்போர்ட்டில் உட்கார்ந்து, அம்மாவை வைத்துக்கொண்டு வேண்டுமா?

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானங்கள் இருக்கின்றன, நாலு மணி நேரம். இறங்கினதும் விமான நிலைய ரயில், அரை மணியில் கேஎல் சென்ட்ரல். அங்கேயே பிளாட்பாரம் மாறினால் ஈடிஎஸ் மின்சார ரயில், ஈப்போ வழியாக பட்டர்வொர்த். சுமார் நாலு மணி நேரம், ஏசி, ஜன்னல் பெரிசு, பாதி வழி செம்பனைத் தோட்டம், ஈப்போ நெருங்கினால் சுண்ணாம்புப் பாறை மலைகள். பட்டர்வொர்த் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே படகுத்துறை. 2 வெள்ளி டிக்கெட், கால் மணியில் ஜார்ஜ் டவுன். விமானம், ரயில், கப்பல் மூன்றும் ஒரே நாளில்! உங்கள் பையன் நீச்சல்குளத்தையே மறந்துவிடுவான்.

மலேசிய ரயில்வேயின் கேடிஎம்பி செயலியில் டிக்கெட் திறந்த உடனே போட்டுவிடுங்கள். பண்டிகை வார ரயில் நம்ம பாண்டியன் எக்ஸ்பிரஸ் மாதிரிதான், கண்மூடித் திறப்பதற்குள் காலி.

பாளையங்கோட்டை அக்கா | 11 செப்டம்பர்

எல்லாரும் ஊரைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பி, ஐந்து பேர் பாஸ்போர்ட்டும் எப்போது முடிகிறது என்று பார்த்தீர்களா? பிள்ளைகளுக்கு ஐந்து வருடம்தான் கொடுப்பார்கள். நுழைகிற தேதியிலிருந்து ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும்.

கொள்ளிடக்கரையான் | 11 செப்டம்பர்

அக்கா. பையனோடது 2026 ஏப்ரல் 14 முடியுது. வீட்டுக்காரம்மா பீரோவுலேர்ந்து எடுத்துட்டு வந்து காட்டினதும் எனக்கு வேர்த்துடுச்சு. நீங்க சொல்லலைன்னா டிசம்பர் 23 ராத்திரி கவுண்டர்ல நின்னு முழிச்சிருப்பேன். நாளைக்கே புதுப்பிக்கப் போடுறேன்.

கொங்குத்தம்பி | 11 செப்டம்பர்

பினாங்கோ புக்கெட்டோ, ஓட்டலு எடுக்காதீங்கண்ணா. கிச்சனோட அபார்ட்மெண்ட்டா எடுங்க. ஓட்டல் சாப்பாட்டுக்கு அஞ்சு பேருக்கு வெச்சா செலவு எகிறிடுமுங்க. அம்மா கூட வர்றாங்கல்ல, ஒரு குக்கரு, அரைக் கிலோ பருப்பு, புளிக்காய்ச்சல் கொண்டுபோனா போதும். பெரியவங்களுக்கும் வெளிச் சாப்பாடு ஒத்துக்காது. பண்டிகை அன்னிக்கு அவங்க கையால ஒரு பிரியாணி ஆச்சுன்னா ஊர்ல இருக்கிற மாதிரியே இருக்குமுங்க.

டிக்கெட்காரர் | 11 செப்டம்பர்

இது நல்ல யோசனை. என் கஸ்டமர் நிறைய பேர் இப்படித்தான் பண்றாங்க. குக்கரை செக்-இன் பெட்டியில வைங்க, கையில வேண்டாம்.

சும்மாவந்தவன் | 11 செப்டம்பர்

அஞ்சு நாளா இழை ஓடுது. தமிழ்ப் பூசை, முழங்கால், புளிக்காய்ச்சல் வரைக்கும் வந்தாச்சு. அந்தம்மாகிட்ட யாராவது கேட்டீங்களாப்பா?

கொள்ளிடக்கரையான் | 13 செப்டம்பர்

கேட்டேன். சும்மாவந்தவன் சும்மா வரல போல.

நேத்து ராத்திரி சாப்பாடு முடிஞ்சு அம்மா பாத்திரம் ஒழிச்சுக்கிட்டு இருந்தாங்க. "கிறிஸ்துமஸுக்கு வெளிநாடு போறோம், உனக்கு என்னம்மா வேணும்? தமிழ்ப் பூசை இருக்கிற எடமாத்தான் பாக்கிறேன்"னு சொன்னேன். திரும்பிக்கூடப் பாக்காம, "பூசை பாலக்கரையிலேயே இருக்குல்லடா, அதுக்கு ஏன் ப்ளைட் ஏறணும்?"னாங்க.

அப்புறம் கையைத் துடைச்சுட்டு வந்து உக்காந்தாங்க. இனி அவங்க சொன்னது அப்படியே:

"கல்யாணம் ஆகி அம்பது கிறிஸ்துமஸ். டிசம்பர் பத்துலேருந்து அச்சு முறுக்கு, கல்கல், அதிரசம். இருபத்துமூணு ராத்திரி மசாலா அரைக்கணும். ராத்திரிப் பூசைக்குப் போனா பாதிப் பூசையில கோழி ஊற வச்சோமா, தேங்காய் துருவி வச்சோமான்னு நெனப்பு. ரெண்டு மணிக்கு வந்து படுத்து நாலரைக்கு எந்திரிச்சா பிரியாணி. பதினோரு மணிக்குள்ள தெருவுல முப்பது வீட்டுக்குத் தட்டு போகணும். உங்கப்பா ஒவ்வொரு வருஷமும் 'இந்தத் தடவை சிம்பிளா பண்ணு'ன்னுதான் சொல்வாரு. சொல்லிட்டு நாலு பேரைச் சாப்பிடக் கூட்டிட்டு வருவாரு. எனக்கு ஒண்ணும் வேணாம். ஒரு கிறிஸ்துமஸுக்கு நான் அடுப்பு பத்த வைக்கக் கூடாது. அவ்வளவுதான்."

போற போக்குல திரும்பி நின்னு ஒரு நிபந்தனை வேற: "நீ எடுக்கிற ரூம்ல அடுப்பு இருக்கக் கூடாது. இருந்தா நான் வரல."

வீட்டுக்காரம்மா என்னைப் பாத்த பார்வைக்கு இன்னும் பதில் கண்டுபிடிக்கல.

கொங்குத்தம்பி | 13 செப்டம்பர்

ஏனுங்ண்ணா, என்னோட பதிவை அழிக்க முடியுங்களா?

பாளையங்கோட்டை அக்கா | 13 செப்டம்பர்

அழிக்காதீர்கள் தம்பி, இருக்கட்டும். நானும் படித்துவிட்டு "நல்ல யோசனை" என்றுதான் நினைத்தேன். நானே முப்பத்தைந்து வருடம் அந்த அடுப்பில் நின்றவள்.

பட்டர்வொர்த் மணி | 13 செப்டம்பர்

அண்ணே, அப்ப பினாங்குதான். அம்மா காலையில எந்திரிச்சு கீழ இறங்கினா ரொட்டி சானாய், மத்தியானம் நாசி கண்டார் (சோறும் கறிக்குழம்பும்), சாயங்காலம் செண்டோல், ராத்திரி கர்னி கடற்கரைக் கடைங்க. நாசி கண்டார் நம்ம ஆளுங்க கொண்டுவந்ததுதான், அந்தக் காலத்துத் தமிழ் முஸ்லிம்கள் தோள்ல கம்பு போட்டு ரெண்டு பக்கமும் கூடை தொங்கவிட்டுத் தெருத் தெருவா வித்தாங்க. கண்டார்னா அந்தத் தோள்கம்பு. ஒரு வாரத்துக்கு ஒரு வேளை சாப்பிட்டதை இன்னொரு வேளை சாப்பிட வேணாம். இந்த ஊர்க்காரங்களே பாதிப் பேர் வீட்டுல சமைக்கிறதில்ல.

கொள்ளிடக்கரையான் | 21 செப்டம்பர்

பினாங்கு முடிவு. பொண்ணு மட்டும் ரெண்டு நாள் பேசல. பனிக்கு ப்ளஸ் டூ முடிஞ்சதும்னு சொல்லிச் சமாதானம் பண்ணியிருக்கேன். (டான்யூப் தமிழன், அப்ப உங்க வீட்டுக் கதவைத் தட்டுவோம்.)

சிங்கப்பூர் ஏன் விட்டோம்னு தனியா கேட்டவங்களுக்கு: பிடிக்கும்தான். ஆனா விசா ஏஜெண்ட் மூலமா எடுக்கணும், அந்த வாரத்துக்கு ரெண்டு ரூம் வாடகையைப் பாத்தா பினாங்கு மாதிரி ரெண்டு மடங்குக்கு மேல. துபாய்ல அந்த வாரம் வானிலை அருமை, வாடகையும் வானத்துல.

திருச்சி-கேஎல் போக வர ஒரு ஆளுக்கு 21,500. ஜார்ஜ் டவுன்ல ரெண்டு ரூம் ஏழு ராத்திரி, ரூமுக்கு 310 வெள்ளி, வரியோட 4,480 வெள்ளி, நம்ம காசு 94 ஆயிரம் சொச்சம். லிப்ட் உண்டு, நீச்சல்குளம் உண்டு. போன் பண்ணிக் கேட்டேன், அடுப்பு இல்ல. கெட்டில் இருக்கு, பரவாயில்லைன்னு அம்மா அனுமதிச்சுட்டாங்க. டிசம்பர் 15 வரைக்கும் ரத்து பண்ணலாம்கிற மாதிரி எடுத்தேன், கொஞ்சம் கூடத்தான்.

டிக்கெட்காரர் | 21 செப்டம்பர்

ரத்து பண்ற மாதிரி எடுத்தது சரி. டிசம்பர் நம்ம பக்கம் புயல் மாசம்.

கொங்குத்தம்பி | 29 நவம்பர்

செய்தி பாத்தீங்களாண்ணா? தெற்குத் தாய்லாந்துல ஹாட் யாய் ஊரே தண்ணிக்குள்ள. வடக்கு மலேசியாவுலயும் வெள்ளம்னு போடுறாங்க. உங்க டிக்கெட்டு?

பட்டர்வொர்த் மணி | 29 நவம்பர்

பெர்லிஸ், கெடா பக்கம் ரொம்ப மோசம். ஜார்ஜ் டவுன் நல்லா இருக்குண்ணே, ரயிலும் ஓடுது. 15ஆம் தேதி வரைக்கும் டைம் இருக்குல்ல, நான் தினம் சொல்றேன்.

கொள்ளிடக்கரையான் | 30 நவம்பர்

நேசன், எங்க இருக்கீங்க? இலங்கையில டிட்வா புயல் செய்தியெல்லாம் பாத்துட்டு ரெண்டு நாளா உங்க பதிவுக்காகப் பாத்துட்டு இருக்கேன்.

நீர்கொழும்பு நேசன் | 3 டிசம்பர்

சுகமா இருக்கிறம் அண்ணா. நாலு நாள் கரண்ட் இல்லை, போன் சார்ஜ் இல்லை. எங்கட வீட்டுக்குள்ள தண்ணி வரேல்லை, ரெண்டு தெரு தள்ளி கழுத்தளவு. மலைநாடுதான் சொல்ல ஏலாத நிலைமை. கண்டி, பதுளை, நுவரெலியா முழுக்க மண்சரிவு. நான் உங்களை நுவரெலியாவுக்குப் போகச் சொன்னனான், நினைக்க நெஞ்சு பதறுது. மலை ரயில் பாதை பல இடத்தில அந்தரத்தில தொங்குது.

இந்த வருசம் குடில் போட்டி இல்லை எண்டு எங்கட இளைஞர் குழு முடிவெடுத்திட்டுது. மின்குமிழுக்குச் சேர்த்த காசில உலர் உணவுப் பொதி கட்டுறம்.

பாளையங்கோட்டை அக்கா | 3 டிசம்பர்

நேசன், எப்படி அனுப்பலாம் என்று தனிமடலில் சொல்லுங்கள்.

சும்மாவந்தவன் | 3 டிசம்பர்

எனக்கும்.

நீர்கொழும்பு நேசன் | 19 டிசம்பர்

அனுப்பின ஆக்களுக்கெல்லாம் நன்றி, தனித்தனியா எழுதுறன். கனபேர் கேட்கினம், நத்தாருக்கு இலங்கை வரலாமோ எண்டு. தெற்குக் கடற்கரைப் பக்கம் விடுதிகள் திறந்திருக்கு, வந்தால் எங்கட சனத்துக்கு உழைப்பு, வாங்கோ. மலைநாட்டுக்கு மட்டும் இப்ப வேண்டாம். பாதை திருத்துற சனத்துக்கு நடுவில படம் எடுக்கிறது சரியில்லை.

கொள்ளிடக்கரையான் | 6 ஜனவரி 2026

வந்து சேர்ந்தோம். மணி தினம் வானிலை சொன்ன புண்ணியத்துல ரத்து பண்ணல. கேட்டவங்களுக்காக, நினைவு இருக்கிறப்பவே எழுதிடுறேன்.

23 ராத்திரி ஏறி, காலையில கேஎல், மத்தியான ரயில். ரயில்பைத்தியம் சொன்ன சுண்ணாம்பு மலை வந்தப்ப வீட்ல எல்லாரும் தூக்கம், நான் மட்டும் பாத்தேன். பட்டர்வொர்த்ல படகுக்குப் போற நடைமேம்பாலம் கொஞ்சம் நீளம், அம்மா மூணு இடத்துல நின்னாங்க. படகு கிளம்பி பினாங்குத் தீவு பக்கத்துல வர வர, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, "இந்நேரம் வீட்ல இருந்தா வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருப்பேன்"னாங்க. வேற யார்கிட்டயும் இல்ல, தண்ணியைப் பாத்துச் சொன்னாங்க.

ஆறரைக்கு ஓட்டல். பூசைக்கு எல்லாம் பக்காவா ப்ளான். பத்து நிமிஷம் காலை நீட்டிட்டு வர்றேன்னு அம்மா படுத்தாங்க. எட்டு மணிக்குப் போய்ப் பாத்தா நல்ல தூக்கம், வாய் லேசாத் திறந்திருக்கு. எழுப்பவான்னு பொண்ணைக் கேட்டேன், "அப்பா, விடுங்க"ன்னுட்டா. எனக்குத் தெரிஞ்சு அம்மா ராத்திரிப் பூசையை விட்டது இதுதான் முதல் தடவை. விடிஞ்சு எழுந்து, "ஏண்டா எழுப்பல"ன்னு ஒரு வார்த்தை. கோபம்னு சொல்ல முடியாது. காலைத் தமிழ்ப் பூசைக்கு சவேரியார் கோயிலுக்குப் போனோம். அன்னிக்கு முழுப் பூசையும் கேட்டேன்னு வெளியில வந்து சொன்னாங்க.

தப்பு நடந்த எடங்கள்: பினாங்கு மலை ரயிலுக்கு 27ஆம் தேதி காலை பத்து மணிக்குப் போனோம், முட்டாள்தனம். ஒன்றரை மணி நேர வரிசை, அம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி பிச்சை கேட்டு வாங்கினேன். விடியற்காலையிலேயே போயிடணும். கே லோக் சி கோயில் அழகு, ஆனா படிகள். அம்மாவும் நானும் கீழ உக்காந்து செண்டோல் சாப்பிட்டோம், அவங்களுக்கு அதுல வருத்தமே இல்ல. ஒரு ரூம்ல ஏசி ரெண்டு நாள் சொட்டிக்கிட்டே இருந்தது, ஓட்டல்காரங்க பக்கெட் கொடுத்தாங்க. வெள்ளி நாங்க போறப்ப 22 ரூபாய் ஆயிடுச்சு. மொத்தம் 4,18,000.

டான்யூப் தமிழன் | 6 ஜனவரி

வாழ்த்துகள்.

ரயில்பைத்தியம் | 7 ஜனவரி

ஈப்போவில் தூங்கிய நால்வருக்கும் கடும் கண்டனம்.

பாளையங்கோட்டை அக்கா | 7 ஜனவரி

முப்பது வீட்டுத் தட்டு என்ன ஆயிற்று தம்பி?

கொள்ளிடக்கரையான் | 7 ஜனவரி

வந்ததும் நாலு வீட்டுல கேட்டுட்டாங்க அக்கா. அம்மா பெட்டியைத் திறந்து பினாங்குல வாங்கின தாவ் சார் பிஸ்கட்டை (உள்ள பயத்தம்பருப்பு வச்சது) வீட்டுக்கு ரெண்டு வீதம் பொட்டலம் கட்டி பையன்கிட்ட கொடுத்து விட்டாங்க. பன்னிரண்டாவது வீட்டோட தீர்ந்துடுச்சு. மிச்சப் பதினெட்டு வீட்டுக்கு என்ன பண்றதுன்னு யோசிச்சுட்டு, சாயங்காலம் மாவு சலிக்க உக்காந்துட்டாங்க.